மெல்ல நகரும் ஒரு நாவலும் எங்கள் வீட்டின் நான்கு மாதங்களும்



பதின்ம வயதினருக்கான நாவல் என்றால் முதல் அத்தியாயத்திலேயே யாராவது காணாமற்போக வேண்டும்; இரண்டாவதில் துரத்தல் தொடங்கிவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு இதுதான். அந்தக் கணக்கில் அமெரிக்க எழுத்தாளர் சின்தியா ரைலன்ட் எழுதிய ‘மிஸ்ஸிங் மே’ தேறாது. அதில் நிகழ வேண்டிய மரணம் கதை தொடங்கும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. அதன் பின்னர் ஒரு முதியவரும் ஒரு சிறுமியும் குளிர்காலத்தில் ஒரு சிறிய வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்டை வீட்டுப் பையன் ஒருவன் வந்து போகிறான். பாதி நூல் இப்படியே கடந்துவிடுகிறது.

1992ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூல், மறு ஆண்டில் சிறுவர் இலக்கியத்திற்கான நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. நூறு பக்கத்தைக்கூட எட்டாத சிறு நூல். விரைவாகப் படிப்பவர் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். எங்களுக்கு ரஜப் தொடக்கத்திலிருந்து ஷஅபான் இறுதி வரை, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தேவைப்பட்டன.

அதற்கு முந்திய ஜமாதுல் அவ்வல் மாதத்தில் எங்கள் சகோதரர் வஃபாத்தானார். ஆம்பூருக்கு அருகே ஒரு தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புப் பகுதியின் மேற்பார்வையாளராக இருந்தவர். ஃபஜ்ருத் தொழுகையை முடித்துவிட்டு இருசக்கர வண்டியில் பணிக்குப் புறப்பட்டவர், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரி மோதி அந்த இடத்திலேயே உயிர் நீத்தார். அன்று அஸருக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது. அவருக்கு ஒரே மகள். எட்டாம் வகுப்பு மாணவி. அவள் அழவில்லை.

வீட்டுக்கு வந்த பெண்கள் அனைவரும் அதைக் கண்டு வியந்தார்கள். “மாஷா அல்லாஹ், இந்த வயதில் என்ன ஸப்ர்!” என்று அவள் தலையைத் தடவிச் சென்றார்கள். நான்காம் நாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். வீட்டுப் பாடங்களை ஒழுங்காகச் செய்தாள், தொழுகை தவறவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். இரவில் விளக்கை அணைக்க மட்டும் சம்மதிக்கவில்லை. தந்தையின் பெயரை யாராவது எடுத்தால், தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விடுவாள்.

முதல் மூன்று நாள்களை எங்கள் பகுதி மக்கள் மிக நன்றாக நடத்தித் தருவார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கபன், ஜனாஸா, வெளியூர் உறவினருக்குத் தங்குமிடம் என எதற்கும் நாங்கள் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவருடைய குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்தச் சுன்னத்தை எங்கள் அண்டை வீட்டார் விடாமல் பேணினார்கள். (அந்த உணவு துக்க வீட்டாருக்கானது என்பதை மறந்து, வந்தவர்களுக்கே பந்தி வைக்கும் வழக்கமும் கூடவே இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) நான்காம் நாளிலிருந்து நாற்காலிகள் மடிக்கப்படுகின்றன. பிறகு வருபவர்கள் ஒரே ஒரு சொல்லைத்தான் கொண்டுவருகிறார்கள்: ஸப்ர்.

இங்கு ஒரு குழப்பம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கணவரை இழந்தவளைத் தவிர வேறெவரும் மூன்று நாள்களுக்கு மேல் துக்கம் அனுசரிக்கலாகாது என்று ஹதீஸ் கூறுவது, அலங்காரத்தைத் துறந்திருக்கும் புறக்கோலத்தைப் பற்றியது. மனம் கனத்திருப்பதற்கும் கண் கலங்குவதற்கும் மார்க்கம் நாள் குறிக்கவில்லை. தம் மகன் இப்ராஹீமின் உயிர் பிரிந்த வேளையில் நபி (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. அதைக் கண்டு வியந்த தோழருக்கு, அது இரக்கம் என்று விளக்கினார்கள். ஒப்பாரியும் மார்பில் அடித்துக்கொள்வதும்தான் தடுக்கப்பட்டவை. கண்ணீரைத் தடுத்தவர்கள் நாம்தான். ஒரு சிறுமி அழாமல் இருப்பதைப் புகழ்ந்துகொண்டேயிருந்தால், அழுவதற்கு அவளுக்கு எங்கே இடம்?

இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31ஆம் நாள் அதிகாலையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய வீடுகளிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் நான்காம் நாள் வந்திருக்கும். தோல் தரும் சோற்றை உண்ணும் எங்கள் ஊர்களில் அந்த நான்காம் நாளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

நாவலைத் தற்செயலாகத்தான் எடுத்தோம். கல்லூரியில் ஆங்கிலம் படித்த காலத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த பிரதி. மைத்துனி இத்தாவில் இருந்தார், வெளியே செல்வதில்லை. இஷாவுக்குப் பின் வீட்டில் கனத்த மௌனம் நிலவியது. ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எதையாவது சத்தமாகப் படிக்கலாம் என்று தோன்றியது. நூல் ஆங்கிலம், எங்கள் வீட்டில் பேசுவது உருது, பிள்ளைக்குப் பள்ளியில் தமிழும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படிப்போம். பிறகு எங்கள் தாயாருக்காக உருதுவில் சொல்வோம். சரியான சொல் வராத இடத்தில் தமிழ் கைகொடுக்கும். ஓர் இரவுக்கு இரண்டு பக்கம், மிஞ்சினால் மூன்று. மூன்று மொழிகளில் நடந்து செல்லும் கதை வேறெப்படி நகரும்?

கதை சுருக்கமானது. சம்மர் என்னும் சிறுமி கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவள். உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவளை, ஆறு வயதில் மே என்னும் வயது முதிர்ந்த மாமியும் அவருடைய கணவர் ஓப்பும் மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதியிலுள்ள தங்கள் சிறிய டிரெய்லர் வீட்டுக்கு அழைத்துவருகிறார்கள். ஏழைகள், ஆனால் அன்புக்குக் குறைவில்லை. ஓப் காற்றில் சுழலும் பொம்மைகளைச் செய்பவர். சம்மருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த மே இறந்துபோகிறார். ஆறு மாதம் கழித்து, ஓப்பும் சம்மரும் என்ன செய்வதென்று அறியாமல் நிற்கும் குளிர்காலத்தில் நாவல் தொடங்குகிறது. சம்மர் அதுவரை சரியாக அழவில்லை. கிழவரும் போய்விடுவாரோ என்ற அச்சமே அவளை ஆட்டிப்படைக்கிறது.

“ஃபூப்பி, இந்தக் கதையில் எப்போதுதான் ஏதாவது நடக்கும்?” என்று பிள்ளை முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டாள். எங்கள் தாயார்தான் பதில் சொன்னார்: “நடந்ததே போதாதா, பேட்டா?”

தாயாரின் தந்தை பழைய முறையில் தோல் பதனிட்டவர். ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் தோலைப் போட்டு, நாள்தோறும் கிளறி, சாற்றை மாற்றி, கடைசியில் கடுக்காய் நீரில் ஊறவைப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். அப்படிப் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் மதராஸிலிருந்து கப்பலேறி இலண்டன் சந்தைக்குப் போனது. இன்று குரோமிய உப்பைச் சேர்த்துப் பெரிய உருளைகளில் சுழற்றினால் ஒரு நாளுக்குள் தோல் நீலநிறம் பெற்று வெளிவந்துவிடுகிறது. தொழிலுக்கு அது தேவைதான். நாங்களும் அதனால் வாழ்பவர்களே. ஆனால் தொட்டியில் கிடக்கும் தோலை அவசரப்பட்டு எடுத்தால் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது என்று தம் தந்தை சொன்னதைத் தாயார் அந்த நாள்களில் இரண்டு மூன்று முறை சொன்னார். பிள்ளையைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்.

நாவலின் நடுவே நம் ஈமானுக்கு ஒவ்வாத ஓர் இடம் வருகிறது. இறந்த மனைவி தம் அருகே வந்து நின்றதாக ஓப் உணர்கிறார். அவளுடன் பேசியாக வேண்டும் என்ற தவிப்பு அவரைப் பற்றிக்கொள்கிறது. இறந்தோருடன் பேசவைப்பதாகச் சொல்லும் ஒரு பெண்மணியைத் தேடி மூவரும் பழைய காரில் புறப்படுகிறார்கள். இதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டலாமா என்று தயங்கினோம். இறந்தவரின் ரூஹ் பர்ஸகில் இருக்கிறது. அதை அழைத்துத் தருவதாகச் சொல்பவன் பொய்யன். குறிசொல்பவனிடம் சென்று ஒன்றைப் பற்றிக் கேட்டவனின் தொழுகை நாற்பது நாள்கள் ஏற்கப்படாது என்னும் எச்சரிக்கை முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. உமராபாத் தாருஸ்ஸலாமில் ஓதிய உறவினர் ஒருவரிடம் கேட்டோம். “பக்கத்தைக் கிழிக்காதீர்கள், படித்துவிட்டு, அது ஏன் தவறு என்று சொல்லுங்கள். துக்கத்தில் இருப்பவன் எந்தக் கதவைத் தட்டுவான் என்று அவளுக்குத் தெரியட்டும்” என்றார்.

அவர் சொன்னது சரி. ஏனெனில் அந்தக் கதவுகள் அமெரிக்காவில் மட்டுமா இருக்கின்றன? சகோதரர் மறைந்த இரண்டாம் வாரத்தில், ‘கண்ணேறு பட்டுத்தான் இந்த விபத்து, மிச்சமிருப்பவர்களுக்குக் காப்புக் கட்ட வேண்டும்’ என்று ஓர் ஆமிலின் கைப்பேசி எண்ணை எங்களிடமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தாவீஸுக்கு ஒரு விலை, பார்த்துச் சொல்வதற்கு வேறொரு விலை. துயரத்தின் வேகத்தைக் கூட்டித்தருவதாகச் சொல்பவர்களுக்கு எல்லா மதத்திலும் வாடிக்கையாளர் உண்டு. ரைலன்ட் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. நெடுந்தூரம் பயணித்து அவர்கள் அங்கே சேரும்போது, அந்தப் பெண்மணியே முன்னர் இறந்துபோயிருக்கிறார். இதைக் கேட்டதும் மைத்துனி சிரித்துவிட்டார். நான்கு மாத இத்தாவில் அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் கேட்டது அன்றுதான்.

அதற்குச் சற்று முன்னதாக வரும் ஓர் இடத்தில்தான் நாங்கள் அதிக நாள் தங்கினோம். ஒரு காலை ஓப் படுக்கையிலிருந்து எழுந்திருப்பதில்லை. நோய் இல்லை, எழ முடியவில்லை, அவ்வளவுதான். சம்மர் கதவருகே நின்று பார்க்கிறாள். தன்னை வளர்ப்பதற்காகவாவது அவர் எழுந்திருக்கக் கூடாதா என்பதே அவளுடைய வலி. அந்தப் பத்தியைச் சொல்லி முடித்ததும் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு மைத்துனி சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் படுத்தால் சில நாள் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இவள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தம் கேட்கும். எழ வேண்டும் என்று தெரியும். கை கால் வராது.”

பிள்ளை தலையை உயர்த்தித் தாயைப் பார்த்தாள். அத்தனை நாளும் அம்மி தன்மீது கோபமாக இருப்பதாகவே அவள் எண்ணியிருந்தாள் என்பது எங்களுக்குப் பின்னர் தெரிந்தது.

மறுநாள் இரவு நாவலைப் படிக்கவில்லை. யூசுஃப் ஸூராவின் தர்ஜுமாவை எடுத்து வைத்துக்கொண்டோம். மகனை இழந்த யஅகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொள்வதாக அதன் தொடக்கத்திலேயே சொல்கிறார்கள். ஆண்டுகள் பல கழிகின்றன. அதே ஸூராவின் 84ஆம் வசனத்தில், துயரத்தால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போயின என்று அல்லாஹ் கூறுகிறான். நீங்கள் இன்னுமா யூசுஃபை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வீட்டார் சலித்துக்கொள்வது அடுத்த வசனத்தில் இருக்கிறது. அதற்கு அந்த நபி, தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிடுவதாகப் பதிலளிக்கிறார்கள். இத்தனைக்கும் அழகிய பொறுமை அவர்களை விட்டு நீங்கியதாக எங்கும் சொல்லப்படவில்லை. சலித்துக்கொண்ட அந்த வீட்டாரை எங்கள் ஊரில் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

ஷஅபான் மாதத்தின் ஒரு மாலை, ஆலையிலிருந்து சகோதரருடன் பணிபுரிந்த ஒருவர் வைப்புநிதிப் படிவங்களில் கையெழுத்து வாங்க வந்தார். பணி முடிந்து நேராக வந்திருந்தார். மைத்துனி உள்ளறையில் இருந்ததால் தாயாரே அவரை வரவேற்றுப் பேசினார். சுண்ணாம்புப் பகுதியில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்ஃபைடும் சேர்ப்பார்கள். அழுகிய முட்டையை ஒத்த அந்த வாடை உடையிலும் தலைமுடியிலும் ஏறிவிட்டால் சோப்புக்கும் கட்டுப்படாது. தண்ணீர்க் குவளையுடன் வந்த பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டாள். குவளையைத் தாயார் வாங்கிக்கொண்டார். வந்தவர் விடைபெற்றுச் சென்றபின், அவர் அமர்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். மஃக்ரிபுக்கு பாங்கு சொல்லும்வரை அழுதாள்.

“அப்பா வந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். குளித்துவிட்டு வந்தால்தான் பேசுவேன் என்பேன்.” அன்றிரவு அவள் சொன்னது இவ்வளவே. அவர் அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை, சிரித்துக்கொண்டே குளியலறைக்கு ஓடுவார் என்று தாயார் சொன்னார். அது உண்மையும்கூட.

நாங்கள் அவளிடம் கதீஜா (ரலி) அவர்களைப் பற்றிப் பேசினோம். ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, துயர ஆண்டு என்றே பெயர் பெற்றது. அந்த ஓராண்டோடு துயரம் முடிந்துவிட்டதா? பத்ருப் போருக்குப் பின் மருமகன் அபுல் ஆஸை மீட்க மகள் ஸைனப் (ரலி) அனுப்பிய பொருள்களில், கதீஜா தம் மகளுக்குத் திருமணத்தின்போது அணிவித்த கழுத்தணி இருந்தது. அதைக் கண்டதும் நபி (ஸல்) அவர்கள் உள்ளம் உருகிப்போனார்கள். கதீஜாவின் சகோதரி ஹாலா மதீனாவில் ஒருமுறை வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டபோது, அந்தக் குரலில் கதீஜாவின் குரலைக் கேட்டு அவர்கள் நிலைகுலைந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. ஒரு கழுத்தணி, ஒரு குரல். எத்தனையோ பொறுப்புகளுக்கு நடுவே, ஆண்டுகள் கழித்து, எதிர்பாராமல். பிள்ளை கேட்டாள்: “வாடையும் அப்படித்தானா?” ஆம் என்றோம்.

நாவலில் அந்த இடம் பிறகுதான் வந்தது. பயணம் தோற்று ஊர் திரும்பும் இரவில், ஓர் ஆந்தை அவர்கள் தலைக்கு மேலே பறந்து செல்கிறது. மேயுடன் முன்பொருநாள் ஆந்தையைப் பார்த்த நினைவு சம்மருக்கு வருகிறது. அடக்கிவைத்த அழுகை அனைத்தும் அப்போதுதான் வெளிவருகிறது. காலையில் ஓப் வீட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்த பொம்மைகளையெல்லாம் எடுத்துச் சென்று மேயின் தோட்டத்தில் நடுகிறார். காற்று வருகிறது. கதை முடிகிறது.

எங்கள் வீட்டு வாசகி இந்த முடிவை ஏற்கவில்லை. ஆந்தை தேவையில்லை, அது எழுத்தாளரின் ஏற்பாடு என்றாள். (பதின்மூன்று வயதில் இப்படியொரு விமர்சனம் வருமென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.) அழுதுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அவளே அழுதுவிட்டாள், ஆனால் விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் பார்வையில் நாவலின் பலம் முடிவில் இல்லை. ஒன்றுமே நடக்காத அந்த நடுப்பக்கங்களில் இருக்கிறது. வேகமான கதையாக இருந்திருந்தால் மைத்துனி அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு இடைவெளியே கிடைத்திருக்காது.

ரமழானின் முதல் பத்தில் மைத்துனியின் இத்தா முடிந்தது. நான்கு மாதம் பத்து நாள். சகோதரரின் உடைகளை ஏழைகளுக்குக் கொடுக்க எடுத்துவைத்தபோது, துவைக்காமல் தனியே கிடந்த பணிச் சட்டை ஒன்றைப் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டாள். நெகிழிப் பையில் சுற்றி, தன் பள்ளிச் சீருடைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். சீருடையில் வாடை ஏறும் என்று தாயார் சொன்னார். ஏறட்டும், தாதி என்றாள்.

இப்போது அவள் அந்த நாவலைத் தானே இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறாள். பொம்மைகளை நட்ட மறுநாள் சம்மர் பள்ளிக்கூடம் போனாளா, பேருந்தில் யாரிடம் பேசினாள், வீடு திரும்பியபோது ஓப் எழுந்து உட்கார்ந்திருந்தாரா என்று எங்களிடம் கேட்கிறாள். ரைலன்ட் அதை எழுதவில்லை. தராவீஹ் முடிந்து வந்தபின் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்க்கிறோம். தாயாரின் கதையில் ஓப் ஒவ்வொரு நாளும் எழுந்துவிடுகிறார். மைத்துனியின் கதையில் வாரத்தில் நான்கு நாள்தான் எழுகிறார்.